பவளப்பாறையைக் காணும் உரிமை நம் பெண்மக்களுக்கும் உண்டு



பெருநாள் விடுமுறையில் வட்டக்கோட்டைக்கு வரும் நம் குடும்பங்களைக் கவனித்தால் ஒரு வழக்கம் புலப்படும். வாப்பாவும் ஆண்பிள்ளைகளும் கடற்கரை மணலில் இறங்கிக் கால் நனைப்பார்கள். உம்மாவும் பெண்பிள்ளைகளும் கோட்டையின் மேல்தளத்தில் நின்றபடி கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செருப்புகளும் செல்பேசிகளும் கைப்பைகளும் அவர்கள் பொறுப்பில் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், டச்சுத் தளபதி டிலனாயின் மேற்பார்வையில் வலுப்பெற்ற கோட்டை அது. கடல்வழி வரும் பகைவரைக் கண்காணிக்க எழுந்த அந்த மதில், இன்று நம் பெண்கள் கடலோடு கொள்ளும் உறவின் எல்லையாக நிற்கிறது.

குமரிக் கடல் அலையும் பாறையும் மிகுந்தது. இறங்கிக் குளிப்பதற்கு ஏற்றதன்று. ஆகவே இங்கே கரையில் நிற்பது அறிவுடைமை. ஆனால் இதே வழக்கம் அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் நம்மோடு பயணம் செய்வதுதான் சிந்திக்கத்தக்கது. அந்தமானின் சுவராஜ் தீவிலும், இலட்சத்தீவின் அகத்தி, கட்மத், பங்காரம் ஆகிய தீவுகளிலும் பவளப்பாறைகளிடையே ஸ்கூபா முழுகும் வாய்ப்பு இருக்கிறது. நம்மவர் பலரும் இப்போது அங்கே செல்கின்றனர். முழுகும் நாள் வந்ததும் வாப்பாவும் மகனும் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நீருக்குள் செல்ல, உம்மாவும் மகளும் கரையில் அமர்ந்து காத்திருக்கின்றனர். இது மார்க்கம் இட்ட வரம்பா, நாம் பழகிக்கொண்ட வழக்கமா? வழக்கமே என்பது என் கருத்து.

முதலில், அவர்கள் எதை இழக்கின்றனர் என்பதை அறிவோம். பவளம் கல்லன்று, செடியுமன்று. அது மிக நுண்ணிய உயிரினங்களின் கூட்டம். ஒவ்வோர் உயிரும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி சூரிய ஒளியால் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகிறது. கடலடிப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தையே பவளப்பாறைகள் பிடித்திருக்கின்றன. ஆயினும் கடல்வாழ் உயிரின வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவற்றை நம்பி வாழ்கிறது. கிளிமீன் பாறையைச் சுரண்டித் தின்று வெளியேற்றும் துகள்தான் அத்தீவுகளின் வெண்மணலில் ஒரு பகுதியாகிறது. ஸூரத்துர் ரஹ்மான் முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளுள் எண்ணிக் காட்டுகிறது. அந்த அத்தியாயத்தின் கேள்வி ஆண்களை மட்டும் நோக்கியதன்று.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி நாம் அனைவரும் அறிந்தது. அச்செய்தியில் நாம் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. உடன் வந்த மக்களை முதலில் முன்னே செல்லுமாறு அனுப்பிவிட்டு, அதன் பின்னரே அவர்கள் ஓடினார்கள். அங்கே ஹயா, அதாவது நாணம், பேணப்பட்டது. ஓட்டம் கைவிடப்படவில்லை. அதற்கேற்ற ஏற்பாடு செய்யப்பட்டது.

உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்களையும் நினைவுகூர்வோம். தம் சமுதாயத்தினர் அரியணையில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடலில் செல்வதைக் கனவில் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, தாமும் அவர்களுள் ஒருவராக இருக்கப் பிரார்த்திக்குமாறு அந்தப் பெண்மணி வேண்டினார். கடல் பெண்களுக்குரியதன்று என்ற மறுமொழி அவருக்குக் கிடைக்கவில்லை, பிரார்த்தனை கிடைத்தது. பின்னாளில் அவர் கணவரோடு கடற்பயணம் சென்று, கரையிறங்கிய இடத்தில் வாகனத்திலிருந்து விழுந்து உயிர்நீத்தார். சைப்ரஸ் தீவின் லார்னகாவில் அவருடையதாகக் கருதப்படும் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

நம் கரையின் வரலாறும் இதற்கு மாறானதன்று. மன்னார் வளைகுடாவில் பரதவரோடு கீழக்கரை முஸ்லிம்களும் முத்துக்குளித்தனர். கல்லைக் கட்டிக் கயிற்றைப் பற்றி, ஒரே மூச்சில் ஆழத்தில் இறங்கினர். பாம்பன் தீவுப் பகுதியில் தமிழ்ப் பெண்கள் இன்றும் கடற்பாசி எடுக்க முழுகுகின்றனர். சேலையின் மேல் சட்டை அணிந்து, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சிலிண்டரின் துணையின்றியே அவர்கள் நீருக்குள் செல்கின்றனர். பசியின் பொருட்டு ஒரு பெண் முழுகுவதை உலகம் ஏற்கிறதென்றால், படைப்பைக் கண்டு படைத்தவனைப் புகழ்வதற்காக ஒரு பெண் முழுகுவதை நாம் ஏன் ஏற்கக் கூடாது?

நியாயமான தயக்கங்கள் உள்ளன. அவற்றைப் புறந்தள்ள வேண்டியதில்லை. உடையைப் பொறுத்தவரை, கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் முழுகுடை கிடைக்கிறது. அது உடலோடு ஒட்டியிருப்பதால் மேலே தளர்வான நீச்சல் அங்கியும் தலைமறைப்பும் அணியலாம். அவை நீரில் மிதந்து கருவியில் சிக்காதவாறு அமைய வேண்டும் என்பதால் முன்கூட்டியே பயிற்றுநரிடம் காட்டுவது நன்று. புதிதாக முழுகுபவரைப் பயிற்றுநர் அருகிலிருந்து பிடித்துச் செல்வது முறை. ஆகவே பதிவு செய்யும்போதே பெண் பயிற்றுநரைக் கேளுங்கள். கேட்பவர் பெருகினால்தான் அத்தகைய பெண்களும் பெருகுவர். பெண் பயிற்றுநர் அமையாவிடின், நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதுவும் இயலாவிடில், கணவரோடோ சகோதரரோடோ கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி ஆழமற்ற இடத்தில் மிதந்தபடியே பவளத்தைக் காணலாம். பிற ஆடவர் கூட்டமில்லாத காலை வேளையில் தனிப்படகு அமர்த்துவதும் ஓர் ஏற்பாடுதான்.

தொழுகையும் தடையாகாது. காலையில் முழுகினால் லுஹருக்கு முன் கரை சேர்ந்துவிடலாம். பயணிக்குச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் சேர்த்தும் தொழலாம்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் விதி ஒன்றே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இருமடங்காகிறது. நீருக்குள் மூச்சை அடக்கிப் பிடிக்கவே கூடாது. இடைவிடாமல் சீராக மூச்சுவிட வேண்டும். ஆஸ்துமா, இதயநோய், காதுக்கோளாறு உடையோர் மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவுற்றோர் தவிர்க்க வேண்டும். ஒருமுறை முழுகியவர் விமானம் ஏறுவதற்குமுன் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முழுகியவர் 18 மணி நேரமும் இடைவெளி விட வேண்டும். ஊர் திரும்பும் நாளின் காலையில் முழுகுவதற்குத் திட்டமிடாதீர்கள்.

இவை அனைத்துக்கும் முந்தியது நீச்சல். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் தமிழகக் கரையின் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். நீந்தத் தெரியாமை அதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நம் மாவட்டமும் அந்த நாளில் தன் மக்களை இழந்தது. குளங்கள் நிறைந்த நாஞ்சில் நாட்டில் பிறந்த பெண்பிள்ளை நீந்தத் தெரியாமல் வளர்வது நாணத்தின் அடையாளமன்று. அது நம் கவனக்குறைவு. நீச்சல்குளங்களில் பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் அமைய ஜமாஅத்துகள் முயலலாம். பவளப்பாறைக்குப் போகாத பிள்ளைக்கும் இது உயிர்காக்கும் கல்வி.

நீருக்குள் சென்றபின் ஒரு கடமை நமக்குண்டு. பவளப்பாறை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கையால் தொட்டாலோ காலால் மிதித்தாலோ பல ஆண்டு வளர்ச்சி நொடியில் முறியும். கடல் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெப்பம் தாங்காமல் நுண்பாசி வெளியேறிவிட, உணவிழந்து வெளுத்த பவளங்களில் பல மடிந்தன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் நாம் பவளத்தை வெட்டியெடுத்தோம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. நினைவுப்பொருள் என்று ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். சூரியக்காப்புப் பசைகளில் உள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்திற்குக் கேடு செய்வதாகக் கருதி ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. உடல் முழுவதும் மூடிய நம் பெண்களுக்கு அந்தப் பசை பெரிதும் தேவைப்படாது. அவர்களின் உடை, பவளத்திற்கும் ஒரு காப்பு.

இப்பயணம் எல்லோர்க்கும் இயல்வதன்று. வட்டிக்குக் கடன் வாங்கிச் செல்லத்தக்கதுமன்று. ஆனால் வசதி பெற்ற குடும்பம் ஒன்று, கையிலிருக்கும் பணம் இருவர் முழுகுவதற்கே போதும் என்று கணக்கிட்டால், அந்த இருவருள் ஒருவர் யார் என்பதை மகளிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். அவள் மறுத்தால் அது அவள் விருப்பம். கேட்காமலேயே கைப்பையை அவளிடம் நீட்டுவதுதான் பிழை.

வல்ல இறைவன் தன் படைப்புகளைச் சிந்தித்துணரும் கண்களை நம் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.