டார்க் ரொமான்ஸ்: ஹீரோவா, வில்லனா?

நாயகி வீட்டுக்குள் அவளுக்குத் தெரியாமல் நுழைகிறான்; ரோஜாவை வைத்துவிட்டுப் போகிறான். இவன் வில்லன் இல்லை மக்களே, ஹீரோ! 2021-ல் வெளியான ஹெச்.டி.கார்ல்டனின் 'ஹான்ட்டிங் அடலின்' நாவலில்தான் இந்தக் கூத்து.

மிரட்டல், கடத்தல், தூக்கலான படுக்கையறைக் காட்சிகள்... இதுதான் 'டார்க் ரொமான்ஸ்'. படிப்பவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பேய்ப்படம் பார்ப்பவர்கள் பேயோடு குடித்தனம் நடத்தவா ஆசைப்படுகிறார்கள்? பயந்தால் புத்தகத்தை மூடிவிடலாம், அவ்வளவுதான். தவிர, என்னென்ன கொடுமைகள் வரும் என்று அந்த நாவல் தொடக்கத்திலேயே எச்சரித்துவிடுகிறது.

எனக்கு உறுத்துவது, எச்சரிக்கையே இல்லாத 'ஸ்வீட்' காதல் கதைகள். அறைவான், துரத்துவான்; கடைசியில் 'எல்லாம் பாசத்தால்தான்' என்று சுபம் போடுவார்கள். கோலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) அப்படி மழுப்பவில்லை. அடிக்கும் கணவன் மீது காதல் இருந்தும், மகள் பிறந்ததும் அவனைப் பிரிகிறாள் லில்லி.

நிஜத்தில், மறுத்த பிறகும் ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி முதல்முறையே 3 ஆண்டுகள் வரை சிறை.

இவை பெரியவர்களுக்கான புத்தகங்கள். ஆனாலும், போன் வழியாக டீன் ஏஜ் பிள்ளைகளிடமும் வந்துவிடுகின்றன. போனைப் பிடுங்குவதற்கு முன், "இப்படி ஒருத்தன் நிஜமா வந்தா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். "போலீஸுக்குப் போவேன்" என்றால் நிம்மதி. "எவ்ளோ லவ் பாரேன்" என்று உருகினால், பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அதுதான்!