குடும்பத்தையும் ராணுவத் தலைமைப் பயிற்சியின் பகுதியாகக் கருதுக

குடும்பப் பொறுப்புகள் ராணுவ அதிகாரியின் கவனத்தைச் சிதறடிக்கும் என்ற எண்ணம் இன்றும் பலருக்கு உண்டு. முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களின் சங்கமாகிய நாங்கள் இதை ஏற்கவில்லை. ஆட்களை அரவணைத்து நடத்தும் பக்குவத்துக்கு வித்து வீட்டில்தான் விழுகிறது. ராணுவ அகாடமி அதை வளர்த்தெடுக்கிறது.

1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலத்தின் வீட்டைப் பாருங்கள். தந்தை சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். தாய் ராதாபாய், லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் பெண்களின் பிரதிநிதியாகச் சென்றவர். மூத்தவர் ராணுவத்தில் சேர்ந்தார். தம்பி மோகனும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனார்கள். மாற்றுக் கருத்தைப் பகையாக எண்ணாமல் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் இப்படிப்பட்ட வீடுகளில்தான் வரும் என்பது எங்கள் துணிபு.

வீட்டில் வந்த இந்தப் பக்குவம் படைப்பிரிவில் எங்கே தெரியும்? லீவு கேட்டு ஒரு ஜவான் வந்து நிற்கும்போது தெரியும். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சார்" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். தன் தகப்பனாரின் வைத்தியத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கிடந்த அதிகாரிக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: கூட யார் இருக்கிறார்கள், கையில் பணம் இருக்கிறதா? ஊரில் நிலத்தகராறு என்றால் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுவதும் கமாண்டிங் ஆபீசரின் வேலைதான்.

மருத்துவ, செவிலியர் பிரிவுகளுக்கு வெளியேயும் பெண் அதிகாரிகள் 1992 முதல் தரைப்படையில் இருக்கிறார்கள். ஓய்வு வயதுவரை பணியில் நீடிக்க வழிசெய்யும் நிரந்தர கமிஷனை அவர்கள் கேட்ட வழக்கில் அரசுத் தரப்பு தாய்மையையும் குடும்பக் கடமைகளையும் காரணம் காட்டியது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்ததை முழுமனதோடு வரவேற்கிறோம். பிள்ளை வளர்ப்பு தாய்க்குத் தடை என்றால் தகப்பனுக்கும் தடையாக அல்லவா இருக்க வேண்டும்?

எல்லைப் பணி உள்ளவரை குடும்பத்தைப் பிரிந்திருப்பதும் இருக்கும். ஆனால் பிள்ளை பத்தாவது, பன்னிரண்டாவது எழுதும் ஆண்டில் வீட்டைக் காலிசெய்யும் நிலை எந்த ராணுவக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. கணவன், மனைவி இருவரும் படையில் இருந்தால் இயன்றவரை ஒரே ஊரில் பணி தர வேண்டும். ஜவான்களின் குடும்பங்களைச் சந்தித்துப் பேசுவது இளம் அதிகாரிகளின் பயிற்சியில் இடம்பெற வேண்டும். இவை அதிகாரிகளுக்கான சலுகைகளாக நின்றுவிடாமல் கடைநிலை ஜவான்வரை போய்ச்சேர, பாதுகாப்பு அமைச்சகம் எழுத்துபூர்வமான ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.