பயணத்திற்கு ஒரு காமிரா

பாலக்கரையிலிருந்து பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நமக்கு மடல் விடுத்துள்ளார். "ஓய்வூதிய நிலுவை கைக்கு வந்துள்ளது. முப்பத்தைந்து ஆண்டுகளாக வீட்டை விட்டு அகலாத என் துணைவியாரைக் கோவா வரை அழைத்துச் சென்று வர எண்ணியுள்ளேன். சட்டைப்பையில் அடங்கும் காமிரா ஒன்று வாங்க விரும்பினால், 40 மடங்கு சூம் உள்ளதே சிறந்தது என்கிறார் கடைக்காரர். கைப்பேசி இருக்கக் காமிரா எதற்கு என்கிறான் பேரன். யார் சொல்வது சரி?" என்பது அவருடைய வினா. இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே இத்திங்கள் இதனையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் பேரனின் வாதத்தைப் பார்ப்போம். அருகில் நிற்பவரைப் படம் எடுக்க நல்ல கைப்பேசியே போதும். இதில் ஐயமில்லை. தொலைவில் உள்ளதை எடுக்கும்போதுதான் அது திணறுகிறது. விலை மிகுந்த சில கைப்பேசிகளில் 3 மடங்கு, 5 மடங்கு லென்ஸ்கள் உண்டு. அதற்கு மேல் போனால், எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றனவே அன்றி வேறில்லை. காமிராவிலும் 'டிஜிட்டல் சூம்' என்று எழுதியிருப்பது இவ்வகையே. அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டா. லென்சே நீண்டு உருவைப் பெருக்கும் 'ஆப்டிகல் சூம்' ஒன்றே மெய்யான சூம்.

அதன் ஆற்றலை அறிய நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்து இராசகோபுரம் தெரியும். 1987ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அக்கோபுரத்தின் உயரம் 236 அடி; இடைத்தொலைவு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 24 மில்லிமீட்டர் என்று குறிக்கப்படும் அகன்ற பார்வையில் படம் எடுத்தால், கோபுரம் படத்தின் உயரத்தில் நாற்பதில் ஒரு பங்கே இருக்கும். அஞ்சலட்டை அளவில் அச்சிட்டால் அது கடுகளவுதான். 250 மில்லிமீட்டருக்கு லென்சை நீட்டினால் கால் பங்கு உயரம் வரும். 720 மில்லிமீட்டருக்கு நீட்டினால் முக்கால் பங்கை நிறைக்கும். 24இலிருந்து 720 வரை செல்வதையே 30 மடங்கு என்கிறார்கள். பானசோனிக் நிறுவனம் 2025இல் வெளியிட்ட டி.இசட். 99, சோனி நிறுவனம் 2018இல் வெளியிட்ட எச்.எக்ஸ். 99 ஆகியன இவ்வகையின. அதே 2018இல் வந்த கேனன் எஸ்.எக்ஸ். 740, 24இலிருந்து 960 வரை, அதாவது 40 மடங்கு செல்லும்.

அப்படியானால் கடைக்காரர் சொன்னதே சரியல்லவா எனலாம். அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். மடங்கு கூடக் கூட மூன்று இழப்புகள் பின்தொடர்கின்றன.

முதலாவது, ஒளி குறைகிறது. மேற்சொன்ன 40 மடங்குக் காமிராவை முழுதும் நீட்டினால், அகன்ற பார்வையில் கிடைக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. இரண்டாவது, கை நடுக்கமும் அதே அளவில் பெருகுகிறது. 720 மில்லிமீட்டரில் படம் கலங்காதிருக்க, ஒரு நொடியில் 720இல் ஒரு பங்கு நேரத்திற்குள் படம் பதிவாக வேண்டும் என்பது பழைய கணக்கு. நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு இன்றைய காமிராக்களில் உண்டு என்றாலும், அது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே தணிக்கும்; எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது. மூன்றாவது, இடையிலுள்ள காற்று. நண்பகலில் காவிரி மணற்பரப்பின்மேல் கானல் அலையும்போது எத்தனை விலையுயர்ந்த லென்சும் கோபுரத்தை நெளிநெளியாகவே காட்டும். காலை ஏழு மணிக்கு எடுத்தால் அதே கோபுரம் தெளிவாக நிற்கும்.

இந்த இழப்பு எத்தகையது என்பதை நாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், 30 மடங்கு சூம் உள்ள காமிரா ஒன்றை வாங்கிய மகிழ்ச்சியில், வெளியூரிலிருந்து வந்திருந்த நம் பெரியம்மாவை மலைக்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். நானூறுக்கு மேற்பட்ட படிகள். பாதி வழியில், பாறையைக் குடைந்த நிழலான படிக்கட்டிலேயே அவர் அமர்ந்துவிட்டார். "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன்" என்றார். நாம் மேலே சென்று கோபுரத்தைப் பதினெட்டு முறை எடுத்தோம். இறங்கி வருகையில், இருபது படி மேலே நின்றவாறே லென்சை நீட்டி அவரையும் ஒன்று எடுத்தோம். அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த கோடையில் பெரியம்மா இறைவனடி சேர்ந்தார். வீட்டில் வைக்க நல்ல படம் ஒன்று தேடியபோது, அந்தப் பதினெட்டுக் கோபுரமும் துல்லியமாக இருந்தன. அவர் முகம் மட்டும் புகைபோல் கலங்கியிருந்தது. இருபது படி இறங்கிச் சென்று எடுக்க நம்மால் இயலாதா? இயலும். கருவி எட்டும் என்று கால் சோம்பிவிட்டது. கால் செல்ல இயலாத இடத்திற்கே சூம் என்பதை அன்றுதான் கற்றோம்.

இனி, எதை வாங்குவது? மடங்கை மட்டும் கேளாமல், ஒளியை வாங்கும் சென்சாரின் அளவையும் கேட்க வேண்டும். 30, 40 மடங்குக் காமிராக்களில் உள்ள சென்சார் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளமும் நாலரை மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. 'ஓர் அங்குலம்' என்று அழைக்கப்படும் சென்சாரோ 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பில் நான்கு மடங்கு பெரியது. 2016இல் வந்த பானசோனிக் டி.இசட். 100 இவ்வகையைச் சேர்ந்தது. அதன் சூம் 10 மடங்கே. ஆயினும் மாலை வேளையிலும், விளக்கொளியிலும், ஆலயத்தின் உள்ளேயும் அதுவே முகங்களைத் தெளிவாகத் தரும். பறவைகளையும் கோபுரச் சிற்பங்களையும் விரும்புவோர் 30 மடங்கைத் தேர்ந்துகொள்ளலாம். மனிதரையே மிகுதியாக எடுக்கும் குடும்பத்தினருக்கு 10 மடங்கே சிறந்தது என்பது நம் கருத்து.

வயது முதிர்ந்தோர் மற்றொன்றையும் கவனித்தல் நலம். நம் ஊர் வெயிலில் பின்புறத் திரை கண்ணுக்குப் புலப்படாது. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துளை, அதாவது வியூபைண்டர், எல்லாக் காமிராக்களிலும் இல்லை. மேற்கூறியவற்றில் டி.இசட். 100, எச்.எக்ஸ். 99 ஆகிய இரண்டில் உண்டு. மற்ற இரண்டில் இல்லை. காமிராவைப் புருவத்தோடு சேர்த்துப் பிடிப்பதால் கை நடுக்கமும் பெரிதும் குறையும்.

வாங்கிய பின் கையாளும் முறை எளிதே. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தூணிலோ சுவரிலோ சாய்ந்து, மூச்சை ஒரு கணம் நிறுத்திப் பொத்தானை அழுத்துக. லென்சு நீளும்போது மணலும் தூசியும் உள்ளே புகும் ஆதலால், ஆற்றுமணலிலும் கடற்கரையிலும் அதனை உறையின்றி வையாதீர். குளிர்பதன வண்டியிலிருந்து இறங்கியதும் லென்சில் பனி படியும். சற்று நேரம் உறைக்குள்ளேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் பூசணம் பிடியாமலிருக்க, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வைக்க. மாற்று பேட்டரி ஒன்று கட்டாயம் வேண்டும்.

கருவியைப் பற்றிச் சொன்ன நாம், கருவியைப் பிடித்த கையைப் பற்றியும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் மக்கள் நீராடுகின்றனர். இறந்த பெற்றோருக்குக் கடன் ஆற்றுகின்றனர். ஆற்றின் மறுகரையிலிருந்தே அவர்தம் முகத்தை நெருங்க இக்கருவியால் இயலும். இயலும் என்பதனாலேயே அது தகும் என்றாகாது. அருகில் சென்று கேட்டால் மறுத்துவிடுவாரோ என்று நாம் அஞ்சும் படத்தை, தொலைவிலிருந்து எடுப்பது களவையே ஒக்கும். வழிபாட்டிடங்களின் ஒழுங்கையும் மதித்தல் வேண்டும். தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 டிசம்பரில் ஆணையிட்டது. காமிராவுக்குரிய விதியை வாயிலிலேயே கேட்டறிந்து நடப்பதே முறை. நம் ஆலயங்களிலும் திருப்பலி வேளையில் பிளாஷ் வெளிச்சம் பாய்ச்சுவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

1858ஆம் ஆண்டில் இலின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை அரசின் புகைப்படக்காரராக, திருச்சியையும் திருவரங்கத்தையும் படம் எடுத்தார். பெரிய காமிராவும் இரசாயனப் பொருள்களும் தாள்களும் அவருடைய சுமை. ஒவ்வொரு படத்திற்கும் ஒரு பெரிய தாள் செலவாகும். ஆகவே எங்கே நிற்பது, எப்பொழுது எடுப்பது என்று எண்ணிய பின்னரே எடுத்திருப்பார். இன்று ஆயிரம் படம் எடுத்தாலும் செலவில்லை. ஆதலால் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. ஊர் திரும்பியதும் நல்லனவற்றை மட்டும் தேர்ந்து, இரண்டு இடங்களில் சேமித்து, பத்துப் படங்களையேனும் தாளில் அச்சிட்டு வைப்பது நன்று.

ஆசிரிய அன்பருக்கு நம் விடை இதுவே. கோவாவின் ஆலயங்களையும் கடலையும் எடுத்து வாருங்கள். அவற்றைப் பலரும் எடுத்துள்ளனர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வெளியூர் காணும் உங்கள் துணைவியாரின் முகத்தை வேறெவரும் எடுக்கப்போவதில்லை. அந்தப் படத்தை மட்டும், லென்சை நீட்டாமல், நான்கு அடி அருகில் சென்று எடுங்கள்.