கடைசி வரியில் கிடந்த எச்சரிக்கை

தொழில்நுட்பத் திட்டங்களில் ஆபத்தை முதலில் காண்பவர் பொறியாளர். பெரும்பாலும் அவர் அதைச் சொல்லியும் விடுகிறார். சொன்னது, முடிவெடுப்பவரிடம் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடுகிறது. இந்தத் தேய்மானத்தை இனியும் பொறுக்க முடியாது.

2003 ஜனவரி 16-இல் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்ட 82ஆம் விநாடி வாக்கில், வெளிப்புற எரிபொருள் கலனிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையைத் தாக்கியது. விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தை ஆராய்ந்து, நிர்வாகத்தின் முன் ஸ்லைடுகளாக வைத்தனர். தாக்கிய துண்டின் கன அளவு, சோதனையில் பயன்பட்டதைப் போல் 640 மடங்கு. அப்படியானால் கையிலிருந்த சோதனை முடிவுகளை நம்பி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தலைப்பில் நிற்க வேண்டிய இந்தச் செய்தி, ஸ்லைடின் அடியில் 1920, 3 என இரண்டு கன அங்குல எண்களாகக் கிடந்தது. வகுத்துப் பார்த்தவருக்கே அது புலப்படும். தலைப்போ தைரியம் சொன்னது. இறக்கையைப் படமெடுக்கப் பொறியாளர்கள் விடுத்த கோரிக்கைகளும் நிறைவேறவில்லை. பிப்ரவரி 1-இல் பூமிக்குத் திரும்புகையில் விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். எச்சரிக்கை சொல்லப்பட்டது, போய்ச் சேரவில்லை.

தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடு இருந்ததை விசாரணை அறிக்கை குறையாகச் சுட்டியது. அந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மென்பொருள் திட்டங்களில் பொறியாளர் சிவப்பாகக் குறித்த நிலவரம், குழுத் தலைவரிடம் மஞ்சளாகி, வாடிக்கையாளர் கூட்டத்தில் பச்சையாகிவிடுகிறது.

காரணம் தெரிந்ததுதான். கெடுவும் விலையும் முதலில் முடிவாகின்றன. வேலை எவ்வளவு என்று பொறியாளரைக் கேட்பது அதன் பிறகே. அப்போது அவர் சொல்லும் உண்மை, தடங்கலாகவே கேட்கிறது.

பொறியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. “சர்வரின் திறன் போதாது” என்பது வணிகப் பொறுப்பாளர் காதில் செலவுக் கோரிக்கையாக விழும். “தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இணையதளம் நின்றுவிடும்” என்றால் இருவருக்கும் ஒரே பொருள். விளைவைச் சொல்லாத எச்சரிக்கையும் போய்ச் சேராது.

ஆயினும் பதில் சொல்ல வேண்டியவர்கள், ஒப்புதல் தரும் நிர்வாகக் குழுக்களும் பொதுப்பணத்தில் டெண்டர் விடும் துறைகளுமே. பொறியாளரின் ஆட்சேபம், அவர் எழுதிய சொற்களிலேயே ஒப்புதல் கோப்பில் இடம்பெற வேண்டும். இடையில் எவரும் அதைச் சுருக்கக் கூடாது. அதை ஏற்க மறுப்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத கோப்புக்கு நிதி விடுவிக்கக் கூடாது.