குரற்பதிவில் உணர்ச்சியும் திருத்தமும்

கல்லூரியின் விழாக்காலத்திற் கல்லூரிக் கீதத்தையும் தேவாரங்கள் சிலவற்றையும் இன்றைய மாணவரின் குரலிற் பதிவு செய்து வைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் பழைய மாணவரிடையே எழுவது இயல்பு. அது நல்லெண்ணமே. ஆயின், பதிவு செய்யுமிடத்து ஒரு வினா நம்மை எதிர்கொள்ளும். பிழையற்ற பாட்டை நாடுவதா, உள்ளந் தோய்ந்த பாட்டை நாடுவதா? இரண்டும் வேண்டும் என்பது எளிய விடை. இரண்டும் ஒருங்கே வாய்க்காதவிடத்து எதனை விட்டுக்கொடுப்பது என்பதே உண்மையான வினாவாகும்.

முற்காலத்தில் இவ்வினா இத்துணைக் கூர்மையாக எழவில்லை. 1902 ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் கௌகர் ஜான் அம்மையார் இசைத்தட்டுக்குப் பாடியபோது ஒலிவாங்கி இல்லை. பெரியதொரு கூம்புக் குழலின் வாயை நோக்கி அவர் உரத்துப் பாடினார். தட்டு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டையே கொள்ளும். இடையிற் பிழை நேரின் ஒட்டுப்போட வழியில்லை. தொடக்கத்திலிருந்து மீண்டும் பாடுதல் வேண்டும். 1925 ஆம் ஆண்டளவில் மின்முறைப் பதிவு வந்தது. மெல்லிய குரலும் தட்டில் ஏறிற்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர்க் காந்த நாடா பரவிற்று. நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டுதல் எளிதாயிற்று. 1997 இல் ‘ஓட்டோ ரியூன்’ என்னும் கணினிச் சாதனம் வெளிவந்தது. அதனை ஆக்கிய அன்டி ஹில்டபிராண்ட், முன்னர் எண்ணெய் தேடுதற்பொருட்டு நில அதிர்வலைகளை ஆராய்ந்தவர். சுருதி விலகிய குரலைப் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து நிறுத்துவதே அதன் தொழில்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். அச்சாதனம் பொதுவாக ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகக் கொண்டு, அவற்றுக்கிடையே அலையும் குரலைப் பிழையெனக் கருதும். நமது இசையோ அந்த இடைவெளியிலேயே வாழ்கின்றது. தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. அசைந்தாடுவதே அதன் அழகு. விரைந்து திருத்துமாறு கருவியை ஏவினால், அவ்வசைவு மாடிப்படி ஏறி இறங்குவதுபோல் உடைந்துவிடும். கருவிக்குப் பிழையாய்த் தோன்றுவது பாட்டுக்கு உயிராய் இருத்தல் கூடும்.

பிறநாட்டிலிருந்து ஒரு சான்று கூறுவேன். அமெரிக்கப் பாடகி பில்லி ஹொலிடே 1958 ஆம் ஆண்டில் ‘லேடி இன் சற்றின்’ என்னும் தொகுதியைப் பாடினார். அப்போது அவர் குரல் தேய்ந்து கரகரத்திருந்தது. இசைக்குழுவை நடத்திய றே எலிஸ், பதிவின்போது அவர் பாடிய முறையில் நிறைவு கொள்ளவில்லை. சுரங்களையே செவி தேடியமையால், அக்குரலில் நிறைந்திருந்த துயரம் அவருக்கு எட்டவில்லை. முடிந்த பதிவைக் கேட்டபோதே அதன் அருமை புலப்பட்டது. அடுத்த ஆண்டிற் பாடகி தமது நாற்பத்து நான்காம் வயதிற் காலமானார். அத்தொகுதியைப் பற்றி இன்றும் இருவேறு கருத்துக்கள் உண்டு. எனினும், அக்குரலைச் செம்மைப்படுத்தியிருப்பின் ஒரு வாழ்வின் சாட்சியம் அழிந்திருக்கும் என்பதே என் துணிபு.

நிற்க, உணர்ச்சி என்பது சோம்பலுக்குப் போர்வையன்று. அப்பாடகியின் பின்னே கால்நூற்றாண்டுப் பயிற்சி இருந்தது. பயிலாது வந்து பாடிவிட்டு, ‘உள்ளத்தால் உருகினேன்’ என்பது பொருந்தாது. தமிழில் உச்சரிப்பும் திருத்தத்தின்பாற்பட்டதே. ‘வாழி’ என்பது ‘வாளி’ ஆகிவிடின், எத்துணை உருகிப் பாடினும் என்ன பயன்? கேட்போன் நெஞ்சம் பாட்டை விட்டுக் கிணற்றடிக்குப் போய்விடும்!

ஆகவே, நான் வேண்டுவது ஓர் ஒழுங்குமுறை. திருத்தம் பயிற்சிக் காலத்துக்கு உரியது. பதிவு வேளை பாட்டுக்கு உரியது. பதிவறையில் அடிக்கொரு முறை நிறுத்திக் குறை கூறற்க. இருபதாம் முறை பாடும் மாணவனிடத்து அச்சமே எஞ்சும். முழுப் பாட்டையும் மூன்று நான்கு முறை பாடுவித்து, கணினித் திரையைப் பாராது செவியாற் கேட்டு, உள்ளத்தைத் தொடுவதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அதிற் சொல் சிதைந்த இடத்தையும், கேட்போரை உறுத்துமளவு சுருதி தவறிய இடத்தையும் மட்டும் மற்றொரு முறை பாடியதிலிருந்து எடுத்து மாற்றலாம். மூச்சொலியையும் சிறு நடுக்கத்தையும் அவ்வாறே விட்டுவிடுக.

குரல் உடையும் பருவத்துச் சிறுவர் சிலர் எந்த வகுப்பிலும் இருப்பர். அவர்களை விலக்கிவிட்டாற் பதிவு சிறக்கும் என்று சிலர் கூறுவர். கருவியால் மறைத்துவிடலாம் என்று வேறு சிலர் கூறுவர். இரண்டையும் நான் மறுக்கின்றேன். ஐம்பது ஆண்டுகளின் பின் அப்பதிவைக் கேட்கப்போகிறவன், குற்றமற்ற குரலொன்றைத் தேடி வரமாட்டான். தன் தந்தையின் குரலை, தன் தோழனின் குரலை, ஒருவேளை தன் குரலையே தேடி வருவான். அது அங்கே இருத்தல் வேண்டும்.