கடலில் கரைத்த இரும்பு

கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்கள் நம் முன்னோர். கரைத்தவனுக்குப் பயனில்லை, கரைத்ததற்குத் தடயமும் இல்லை. ஆனால், அவ்வாறு கரைத்த ஒன்றுக்குச் சான்றிதழ் எழுதி விலைபேசும் காலமும் வந்துவிட்டது.

மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் தானாகவே ஏற்றுக்கொள்கிறது. இன்னும் மிகுதியாக ஏற்குமாறு அதனைத் தூண்ட இயலுமா என்பது அறிவியலாரின் வினா. தென்பெருங்கடல் போன்ற சில பகுதிகளில் இரும்புச்சத்து குறைவு. ஆதலால் அங்கு நுண்ணிய மிதவைப் பாசிகள் செழிப்பதில்லை. இரும்பைத் தூவினால் பாசி பெருகும், வாயுவை உட்கொள்ளும். மடிந்து ஆழத்தில் அமிழ்ந்தால் கரிமமும் உடன் புதையும். அரைக்கப்பல் இரும்பு தந்தால் பனியுகத்தையே வரவழைக்கலாம் என்று 1988இல் அமெரிக்க அறிஞர் ஜான் மார்ட்டின் பாதி வேடிக்கையாகச் சொன்னதன் அடிப்படை இதுவே.

அவர் வேடிக்கையாகச் சொன்னதைப் பின்னர் இரு குழுவினர் இருவேறு வழிகளில் செய்து பார்த்தனர். அவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் நன்று.

முதலாவது, 2009இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்பிரெட் வேகனர் நிறுவனமும் இணைந்து நடத்திய 'லோஹாபெக்ஸ்' ஆய்வு. 'லோஹா' என்றால் இந்தியில் இரும்பு. 'போலார்ஸ்டெர்ன்' என்னும் கப்பல் புறப்பட்ட பின்னரும் எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மன் அரசு ஆய்வை நிறுத்தி வைத்தது; வெளி வல்லுநர்களின் மதிப்பீட்டைப் பெற்ற பிறகே இசைவளித்தது. தென் அட்லாண்டிக்கில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு தூவப்பட்டது. பாசி பெருகியது உண்மை. ஆனால், இறால் இனத்துச் சிற்றுயிர்கள் அதனை மேய்ந்துவிட்டன. ஆழத்திற்குச் சென்ற கரிமம் மிகக் குறைவு. எதிர்பார்த்தது நிகழவில்லை என்பதை ஆய்வாளர்கள் மறைக்காமல் உலகறியச் சொன்னார்கள்.

இரண்டாவது, 2012 ஜூலையில் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் நிகழ்ந்தது. ஹைடா க்வாய் தீவுகளில் வாழும் பழங்குடியினரின் சிற்றூர் ஒன்று, சால்மன் மீன்வளம் திரும்பும், கரிமச் சான்றுகளை விற்று வருவாயும் ஈட்டலாம் என்னும் நம்பிக்கையில், இருபது இலட்சம் டாலருக்கும் மேல் முதலீடு செய்தது. ஏறத்தாழ 100 டன் இரும்பு சல்பேட் கடலில் கொட்டப்பட்டது. உலகிற்கு இது தெரிந்ததோ அக்டோபரில்! ஹைடா மக்களின் பேரவையே இதில் தனக்குப் பங்கில்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஒருவகைச் சால்மன் மிகுதியாகக் கிடைத்தபோது, இரும்பே காரணம் என்று ஆதரவாளர்கள் முழங்கினர். ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க முறையான அளவீடு இல்லாதபோது, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல யாரால் இயலும்?

இரண்டிலும் கரைந்தது இரும்புதான். வேறுபாடு எங்கே? ஒன்றில் கேள்வி முன்னே நின்றது. மற்றொன்றில் விற்பனை முன்னே நின்றது. விடை எதுவாயினும் ஏற்பேன் என்பவன் ஆய்வாளன். ஒரே விடைக்குத்தான் பணம் என்னும்போது, அங்கே நடப்பது ஆய்வன்று, வணிகம்.

"உலகம் எரிகிறது, இந்நேரத்தில் விதிகளைப் பேசிக் காலம் கடத்தலாமா?" என்பர் சிலர். அவசரம் உண்மையே. ஆனால், நோய் கடுமையானது என்பதற்காக, மருந்து விற்பவரே நோயறிந்து, மருந்தளித்து, குணமாயிற்று என்று சான்றும் எழுதலாம் என்போமா? பொய்யாக விற்கப்படும் ஒவ்வொரு சான்றும், அதை வாங்கும் ஆலைக்கு மேலும் புகை கக்க உரிமை தருகிறது. அப்போது தீங்கு குறைவதில்லை. கணக்கில் மட்டும் மறைகிறது.

மறுபுறம், கடலில் எந்த ஆய்வுமே கூடாது என்போரையும் ஏற்பதற்கில்லை. 2009ஆம் ஆண்டு ஆய்வைத் தடுத்திருந்தால், ஏட்டுக் கணக்கு கடலில் பொய்த்ததை அறிந்திருக்க மாட்டோம். அறியாமையால் ஆதாயம் பெறுவோர் விற்பனையாளர்களே.

சட்டம் என்ன சொல்கிறது? 2008இல் பல்லுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை நாடுகள், சிறு அளவிலான அறிவியல் ஆய்வு தவிர மற்றவற்றை நிறுத்திவைக்கக் கோரின. கடலில் கழிவு கொட்டுதலைத் தடுக்கும் லண்டன் நெறிமுறையில் 2013இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. போதிய நாடுகள் ஏற்காமையால் அது இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை. இதற்கிடையே இரும்போடு நில்லாமல், காரப்பொருள்களைக் கடலில் கரைக்கும் முயற்சிகளும் தொடங்கிவிட்டன. 2023 ஏப்ரலில் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் கரையில் மக்கள் திரண்டது அத்தகைய திட்டம் ஒன்றை எதிர்த்தே.

நாம் கோர வேண்டியவை மூன்று. கரையில் வாழ்வோரின் இசைவு, கலம் புறப்படும் முன்னரே பெறப்பட வேண்டும். கரைப்பவர் கையும் அளப்பவர் கையும் வேறு வேறாக இருக்க வேண்டும். தோல்வியும் வெற்றியைப் போலவே வெளியிடப்பட வேண்டும். அதுவரை ஒரு சான்றும் விற்கப்படலாகாது.

நடுக்கடலுக்குப் பட்டா இல்லை. அதனால் அது கேட்பாரற்றது என்று பொருளன்று. அதன் பொருட்டுக் கணக்குக் கேட்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு என்பதே பொருள்.