இருட்டு மாசமும் இருபத்திநாலு பையும்

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சாச்சுன்னா ஜெர்மனியில குளிர்காலம் வந்தாச்சுன்னு அர்த்தம். ஊர்ல இருந்து போன் பண்றவங்க எல்லாரும் "ஸ்நோ விழுதா?"ன்னுதான் கேக்கிறாங்க. ஸ்நோ எல்லாம் ரெண்டாம்பட்சம் சாமி. முதல் எதிரி இருட்டு. நாங்க இருக்கிற ஸ்டுட்கார்ட்ல டிசம்பர் நடுவுல காலை எட்டு மணி தாண்டித்தான் விடியும், சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும். ஆபீஸ் போகும்போதும் இருட்டு, ஆணி எல்லாம் பிடுங்கி முடிச்சு வரும்போதும் இருட்டு. நடுவுல சூரியனை ஜன்னல் வழியா பாத்துக்கலாம், மேகம் மனசு வச்சா.

சரியா இந்த நேரத்துலதான் இங்கே நம்ம ஆட்கள் வீடுகள்ல வருஷா வருஷம் அந்தப் பட்டிமன்றம் ஆரம்பிக்கும். "நாம எதுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாடணும்?" ஒரு கட்சி, இது நம்ம பண்டிகை இல்லை, குழந்தைக்கு இப்பவே பழக்கினா நாளைக்குப் பொங்கல்னா என்னன்னு கேக்கும்னு சொல்லும். இன்னொரு கட்சி நவம்பர்லயே மரம், லைட்டு, மான், சறுக்கு வண்டின்னு பக்கத்து வீட்டு ஜெர்மன்காரனையே மிரட்டிடும்.

நான் ரெண்டுலயும் சேராதவன். என் கணக்குப்படி இந்த ஊர் கிறிஸ்துமஸ்ல ரெண்டு துண்டு இருக்கு. ஒரு மாசம் நடக்கிற ஏற்பாடு ஒண்ணு, கடைசியில வர்ற பண்டிகை ஒண்ணு. ஏற்பாடு ஊருக்கே பொது. பண்டிகை அவங்கவங்க வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு. முதல் துண்டுல நாம தாராளமா கலந்துக்கணும், அது நமக்குத் தேவை. ரெண்டாவதுல நமக்கு இடமில்லை, அதுக்கு நாமளே ஏதாவது செஞ்சுக்கணும். செய்யலைன்னா அந்த மூணு நாள் ஆளைத் தின்னுடும்.

இந்த ஊர் குளிர்கால வீட்டு வேலைகளைப் பத்தி நாலு வரி. கார் வச்சிருக்கவங்க அக்டோபர்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் குளிர்கால டயர் போடுவாங்க. வீட்டை மூடியே வச்சா சுவர்ல பூஞ்சை பிடிச்சிடும், அதனால பல்லு கிட்டிக்கிற குளிர்லயும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து அஞ்சு நிமிஷம் காத்து விடணும். (சாம்பார் தாளிக்கிற வீட்டுக்கு இது எக்ஸ்ட்ரா நல்லது.) எங்க ஏரியா ஸ்பெஷல், 'கேர்வோக்கெ'. மாடிப்படி, வாசல் பெருக்குற முறை வாரம் ஒரு வீடுன்னு சுத்தி வரும். உங்க முறைன்னா கதவுல ஒரு அட்டை தொங்கும். அந்த வாரம் பனி கொட்டினா வேலை நாள்ல காலை ஏழு மணிக்குள்ள வாசல் நடைபாதையைச் சுத்தம் பண்ணியாகணும். இஞ்சினியரிங் படிச்சுட்டு ஆறரை மணி இருட்டுல மண்வெட்டியோட நிக்கிறது தனி சுகம் :-)

இந்த இருட்டை இவங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு கவனிச்சா, எல்லாமே விளக்காத்தான் இருக்கு. நவம்பர் 11, செயிண்ட் மார்ட்டின் நாள். குளிர்ல நடுங்கின பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை ரெண்டா வெட்டிப் பாதியைக் குடுத்த ரோமானியப் படைவீரர் கதை. கிண்டர்கார்டன் பிள்ளைங்க எல்லாம் காகிதத்துல தாங்களே செஞ்ச விளக்கைக் குச்சியில தொங்கவிட்டுக்கிட்டு இருட்டுத் தெருவுல ஊர்வலமா போகும். எங்க வீட்டு மூணரை வயசும் போச்சு. விளக்கு முள்ளம்பன்றி வடிவம். சரவணப் பொய்கை மயில்னு நெனச்சு நான் பாராட்டினதுக்கு ரெண்டு நாள் பேச்சு இல்லை.

அடுத்து ஆட்வெண்ட். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு, பச்சைக் கிளை வளையத்துல நாலு மெழுகுவர்த்தி. முதல் ஞாயிறு ஒண்ணு, அடுத்த ஞாயிறு ரெண்டு. 1839ல ஹாம்பர்க்ல யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன்னு ஒரு பாதிரியார், ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்தினவர், ஆரம்பிச்சு வச்ச பழக்கம் இது. "இன்னும் எத்தனை நாள் இருக்கு?"ன்னு பிள்ளைங்க நச்சரிக்க, ஒரு பழைய வண்டிச் சக்கரத்துல ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மத்த நாளுக்குச் சின்ன சிவப்பு மெழுகுவர்த்தின்னு நட்டு வச்சாராம். எனக்கு இதுல பிடிச்ச விஷயம், விளக்கு ஒவ்வொண்ணா கூடுறதுதான். வெளியே பகல் சுருங்கச் சுருங்க உள்ளே வெளிச்சம் ஏறுது. நம்ம கார்த்திகை தீபமும் இதே நேரத்துலதான் வருது. போன வருஷம் தங்கமணி ஜன்னல் ஓரமா அகல் ஏத்தி வச்சதைப் பாத்துட்டு, மேல் வீட்டுப் பாட்டி "இது உங்க ஆட்வெண்ட்டா?"ன்னு கேட்டாங்க. "ஆமா, ஆனா நாங்க எல்லாத்தையும் ஒரே நாள்ல ஏத்திடுவோம்"னு பதில் போச்சு. பாட்டிக்கு அது கொஞ்சம் அவசரக்குடுக்கைத்தனமா பட்டிருக்கணும்.

இப்போ இருபத்திநாலு பை. ஆட்வெண்ட் காலண்டர்னு ஒண்ணு, டிசம்பர் 1 முதல் 24 வரைக்கும் நாளுக்கு ஒரு கதவு, உள்ளே ஒரு சாக்லேட்டு. கேர்ஹார்ட் லாங்னு ஒருத்தர், சின்ன வயசுல அவரோட அம்மா அட்டையில 24 பிஸ்கட்டைத் தச்சுக் குடுத்ததை மறக்காம, வளந்து ம்யூனிக்ல அச்சுத் தொழிலுக்கு வந்ததும் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல அதை அச்சடிச்சு விக்க ஆரம்பிச்சார்னு சொல்வாங்க. இன்னிக்கு அது எங்கேயோ போயிடுச்சு. டீ காலண்டர், பீர் காலண்டர், மேக்கப் காலண்டர். குழந்தைக்கு நாளுக்கு ஒரு பரிசுன்னு 24 பரிசு பொதியற அம்மாக்கள் இருக்காங்க. கவனிங்க, அம்மாக்கள். நம்ம ஊர் தீபாவளிப் பலகாரம் மாதிரியே இங்கேயும் மந்திரத்துல நடக்கிற மாதிரி தெரியற எல்லாத்துக்கும் பின்னாடி தூங்காத ஒரு பொம்பளை இருக்காங்க. இது மட்டும் உலகப் பொதுமறை.

எங்க வீட்டுல தங்கமணி பழைய காட்டன் சேலையை வெட்டி 24 சுருக்குப்பை தச்சு, நம்பர் போட்டு, கயித்துல கட்டிட்டு, "இனிமே ஒற்றைப்படை உங்க பொறுப்பு, இரட்டைப்படை என் பொறுப்பு"ன்னுட்டாங்க. இதைத்தான் லோட் பேலன்ஸிங்னு சொல்றது. பைக்குள்ள கடையில வாங்கினது கொஞ்சம்தான். ஒரு நாள் ரெண்டு கடலைமிட்டாய், ஒரு நாள் "இன்னிக்கு ராத்திரி பூரி"ன்னு எழுதின துண்டுச் சீட்டு, ஒரு நாள் "அப்பா யானை"ன்னு சீட்டு. (யானை வர்ற நாளுக்கு முதுகு வலி இலவசம்.) இருட்டுல எழுந்திரிக்க அழுத பிள்ளை, டிசம்பர் பிறந்ததும் தானா எழுந்து கயித்துக்கிட்ட ஓடுது. மருந்து வேலை செய்யுதுங்கிறதுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?

டிசம்பர் 5 ராத்திரி பூட்ஸைத் துடைச்சு வாசல்ல வைக்கணும். 6ஆம் தேதி காலையில நிக்கோலாஸ் வந்து கொட்டை, ஆரஞ்சு, சாக்லேட்டு போட்டுட்டுப் போயிருப்பார். ஆள் நாலாம் நூற்றாண்டு பிஷப், இன்னிக்குத் துருக்கியில இருக்கிற மிராங்கிற ஊர்க்காரர். வெளியூர்க்காரர்தான், வந்து நல்லா செட்டில் ஆயிட்டார். எனக்கு அதுல ஒரு தனி ஆறுதல்.

அடுப்படி விஷயத்துக்கு வந்தா நாம இங்கே அந்நியர்களே இல்லை. டிசம்பர் பூரா வீட்டுக்கு வீடு 'ப்ளெட்ஷென்' சுடுவாங்க, சின்னச் சின்ன பிஸ்கட். பாதாம் பொடி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, பட்டை போட்டு நட்சத்திர வடிவத்துல ஒண்ணு. லேப்கூகன்ல பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய் எல்லாம் உண்டு. அதுக்கு இன்னொரு பேரே மிளகு கேக். அந்தக் காலத்துல கடல் கடந்து வந்த எல்லா மசாலாவையும் மொத்தமா மிளகுன்னே சொல்லியிருக்காங்க. எங்கேயிருந்து கப்பல் ஏறினதுன்னு நான் சொல்லணுமா? கிறிஸ்துமஸ் சந்தையில சூடா விக்கிற க்ளூவைன்ல கூட பட்டையும் கிராம்பும்தான் மணக்கும். டிசம்பர்ல ஜெர்மனி பூரா நம்ம அஞ்சறைப்பெட்டி வாசம், அதுல நாம மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஒதுங்கி நிக்கிறது நியாயமா?

பாளையங்கோட்டையில இருந்து அம்மா போன்ல, "எல்லாம் சரிதாம்ல, புள்ளைக்கு நம்ம சாமி மறந்துரப் போவுது"ன்னு சொல்றாங்க. அந்தக் கவலையை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அது சாமியைப் பத்தின கவலை மட்டும் இல்லை, பேத்தி தன் கையை விட்டுப் போயிடுவாளோங்கிற கவலை. ஆனா ஒதுக்கி வச்சா என்ன நடக்கும்? கிண்டர்கார்டன்ல எல்லாப் பிள்ளையும் பூட்ஸ்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லும்போது நம்ம பிள்ளை மட்டும் சும்மா நிக்கும். அப்படி நிக்கிற பிள்ளைக்கு நம்ம சாமி மேல கோபம்தான் வரும், பக்தி வராது. போன மாசம் எங்க வீட்டு அம்மணி, நிக்கோலாஸும் பிள்ளையாரும் சொந்தக்காரங்களான்னு கேட்டா. ரெண்டு பேருக்கும் தொப்பை, ரெண்டு பேரும் தின்பண்டப் பார்ட்டி. மறக்கிற ஆளு கேக்கிற கேள்வி இல்லை அது.

இது வரைக்கும் முதல் துண்டு. இனிமேதான் யாரும் சொல்லிக் குடுக்காத ரெண்டாவது துண்டு.

டிசம்பர் 24 சாயங்காலம்தான் இங்கே பண்டிகையே. அன்னிக்கு மதியம் ரெண்டு மணி வாக்குல கடை எல்லாம் மூடிடும். 25, 26 ரெண்டும் அரசு விடுமுறை. சாயங்காலம் சர்ச்சுக்குப் போறவங்க போயிட்டு வந்து, மரத்துக்கடியில பரிசு பிரிச்சு, சாப்பிடுவாங்க. நிறைய வீட்டுல அன்னிக்குச் சாப்பாடு உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான். தீபாவளி அன்னிக்கு உப்புமா கிண்டின மாதிரி இருக்கும் நமக்கு. அவங்களுக்கு அதான் வழக்கம். ஒரு மாசமா சந்தையும் விளக்குமா இருந்த ஊர் அந்த ராத்திரி சுவிட்சை அணைச்ச மாதிரி ஆயிடும். தெருவுல நாய் கூட இருக்காது. ஜன்னல் எல்லாம் மஞ்சளா எரியும், அத்தனையும் அடுத்தவங்க ஜன்னல்.

2020 டிசம்பர்ல நான் மாணவர் விடுதியில இருந்தேன். அந்த வருஷம் கொரோனாவால சந்தையே கிடையாது, 16ஆம் தேதியில இருந்து ஊரடங்கு வேற. 24 வியாழக்கிழமை, 27 ஞாயிறு. அதாவது வியாழன் மதியம் மூடின மளிகைக் கடை திங்கள் காலையிலதான் திறந்துச்சு. ஜெர்மன் பசங்க எல்லாம் ஊருக்குப் போயாச்சு. எங்க மாடியில பொது அடுப்படியில நான் ஒருத்தன். சோறு, முட்டை, தயிர் எல்லாம் இருந்துச்சு. நாலு நாள்ல நான் நேர்ல பேசின ஒரே ஆள் ரயில்வே ஸ்டேஷன்ல திறந்திருந்த கடைக்காரர். "அவ்வளவுதானா?"ன்னு கேட்டார், "அவ்வளவுதான்"னேன். நாலு நாளுக்கான மொத்த உரையாடல் அது.

இதுக்காக ஜெர்மன்காரங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. என் ஆபீஸ்ல இருக்கிறவங்க நல்ல மனுசங்க, டிசம்பர் பூரா டப்பா டப்பாவா பிஸ்கட் கொண்டு வந்து வைக்கிறாங்க. 24 ராத்திரி மட்டும் கூப்பிட மாட்டாங்க, அது குடும்ப ராத்திரி. நான் வளந்த ஊர்ல இது நேர் எதிர். கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில எதிர்வீட்டு டீச்சரக்கா வீட்டுல இருந்து முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, ஒரு துண்டு கேக்குன்னு தட்டு வந்துடும். தீபாவளிக்கு நாங்க அனுப்பின தட்டுக்குக் கணக்கு நேராகும். மதியம் பிரியாணிக்கு யார் வந்தாலும் இலை உண்டு. அங்கே பண்டிகை நாள்தான் பொது. இங்கே அந்தப் பொதுவை முன்னாடி ஒரு மாசத்துக்குப் பரப்பி வச்சுட்டு, நாளை உள்ளே எடுத்துக்கிட்டாங்க.

அதனால நம்ம ஆட்கள்கிட்ட நான் சொல்றது, மரம் வைக்கிறீங்களா இல்லையாங்கிறதைப் பத்தி அவ்வளவு மண்டையை உடைச்சுக்காதீங்க. வைங்க, வைக்காம போங்க. 25ஆம் தேதி மதியம் உங்க வீட்டுக் கதவு திறந்திருக்கான்னு பாருங்க. மாஸ்டர்ஸ் படிக்க வந்து விடுதியில உக்காந்திருக்கிற பசங்களும் பொண்ணுங்களும் நம்ம ஊர்க்காரங்க மட்டும் இல்லை. பிள்ளைங்க வெளியூர்ல இருக்கிற ஜெர்மன் கிழவங்க கிழவிங்களும் அன்னிக்குத் தனியாத்தான் இருக்காங்க. மேல் வீட்டுப் பாட்டியோட மகன் ஹாம்பர்க்ல. ஒரு வருஷம் வருவார், ஒரு வருஷம் வர மாட்டார்.

போன வருஷம் எங்க வீட்டுல பதினோரு பேர், நாற்காலி ஆறு. பாட்டி ரெண்டு கிலோ உருளைக்கிழங்கு சாலட்டோட வந்தாங்க. கொலம்பியாவில இருந்து வந்து படிக்கிற பையன் ஒருத்தன் அதைப் பிரியாணிக்குத் தொட்டுக்கிட்டான். தங்கமணி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. பாத்திரம் கழுவினது நானும் ரெண்டு திருச்சிப் பசங்களும்.

இந்த வருஷத்துக்குப் பத்து கிலோ சீரக சம்பா வாங்கியாச்சு. மடக்கு நாற்காலி நாலு கிடைச்சிருக்கு. பாட்டி இப்பவே படியில நிறுத்திச் சொல்லிட்டாங்க, பிரியாணியில காரம் பாதி, ஆனா அந்த வெங்காயம் போட்ட தயிர்ப் பச்சடி அவங்களுக்கு மட்டும் தனியா ரெண்டு கிண்ணம் வேணுமாம்.